அத்தியாயம் 6: ஓ.பி. சீட்டிலிருந்து டாக்டர் அறை வரை

விடியற்காலை நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து, ஆறேமுக்காலுக்கெல்லாம் மாவட்டத் தலைமை மருத்துவமனை வாசலில் வந்து நிற்கிறார் ஓர் அம்மா. கையில் ஒரு மஞ்சப்பை. ஓ.பி. சீட்டு போட ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, மாத்திரை வாங்க ஒரு வரிசை. எல்லாம் முடிந்து ஊர் பஸ்ஸில் ஏறும்போது மணி இரண்டு. இத்தனைக்கும் நடுவில் டாக்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தது மூன்று நிமிடம்கூட இருக்காது. "இப்ப என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார். பையைத் துழாவி அந்த அம்மா எடுத்துக் கொடுத்தது கத்தரித்த மாத்திரை அட்டையின் ஒரு துண்டு. நான்கு மாத்திரை போதும் என்று கடையில் வெட்டிக் கொடுத்தபோது, பெயர் அச்சிட்ட பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்" என்றார். டாக்டரிடம் அதற்குமேல் கேட்க நேரமில்லை.

இது ஏதோ ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. 'பி.எம்.ஜே. ஓப்பன்' என்ற மருத்துவ இதழ் 67 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றை 2017இல் வெளியிட்டது. ஸ்வீடனில் ஒரு நோயாளியோடு டாக்டர் சராசரியாகச் செலவிடுவது 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவுக்குச் சொல்லப்பட்ட கணக்கு சுமார் 2 நிமிடம்.

கூடுதல் டாக்டர்களைப் போட்டு வரிசையைக் குறைப்பது அரசின் பொறுப்பு. அதைக் கேட்பது மக்களின் உரிமை. ஆனால், நாளைக் காலை டாக்டரைப் பார்க்கக் கிளம்ப வேண்டியவருக்கு இன்று ராத்திரியே சில வேலைகள் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அவருக்கானது.

முதலில் இதைப் படியுங்கள்: வரிசையில் நிற்கக் கூடாதவர்கள்

ஓ.பி. வரிசை, காத்திருக்கக் கூடிய நோய்களுக்கு மட்டும்தான். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் சீட்டு போடும் இடத்துக்குப் போகாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

1. நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம்.
2. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சுக் குழறுவது. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனையாகப் பார்த்துப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.
3. மூச்சு வாங்கி ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியாத நிலை.
4. வலிப்பு, மயக்கம், ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது.
5. கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, குழந்தையின் அசைவு குறைவது.
6. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல். எந்த வயதுக் குழந்தையும் பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது.
7. பாம்புக்கடி, விஷம். கடித்த இடத்தைக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் கூட்டிப்போக வேண்டும்.

டெங்குவில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று நான்கு நாள் அடித்த காய்ச்சல் விட்டதும், "சரியாப் போச்சு" என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட பின் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுமீறிய சோர்வு என்று வந்தால் அது ஓ.பி.க்கான நோய் இல்லை, அவசரப் பிரிவுக்கானது.

அவசர நிலையில் "முதலில் போலீஸ், பிறகு சிகிச்சை" என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காப்பாற்றுவது அரசு, தனியார் வேறுபாடின்றி எல்லா டாக்டருக்கும் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாலை விபத்தானால், தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்ட வேண்டியதில்லை.

வரிசையில் நிற்கும்போதே உடம்பு மோசமானால் என்ன செய்வது? நம் ஊரில் பலர் "நம்ம நம்பர் வரட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படி இருக்கவே கூடாது. எழுந்துபோய் சிஸ்டரிடமோ காவலாளியிடமோ, "நெஞ்சு வலிக்குது", "கண்ணு இருட்டுது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் யாருக்கும் அவசரம் புரியாது.

போக வேண்டிய அவசியம் இருக்கிறதா?

பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களில் ஒரு பகுதியினர் அங்கே நிற்க வேண்டிய தேவையே இல்லாதவர்கள். கிளம்புமுன் இவற்றைப் பாருங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க மட்டும் மாதாமாதம் போகிறீர்களா? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது இதற்காகத்தான். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிந்தால், மாத்திரை வீட்டுக்கே வரும். டாக்டரை நேரில் பார்க்கும் ரிவியூவை மட்டும் விட்டுவிடக் கூடாது.

ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அல்லது பழைய நோய்க்கு மருந்தைத் தொடரலாமா என்று தெரிய வேண்டும் என்றால் இ-சஞ்சீவனி உதவும். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில் வீட்டிலிருப்பவருக்காகத் திறக்கப்பட்ட இந்த வீடியோ ஓ.பி.க்குக் கட்டணம் கிடையாது. போகலாமா வேண்டாமா என்ற குழப்பத்துக்கு 104 எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் புதிதாக வந்த வயிற்றுவலி, மார்பில் கட்டி, ஆறாத புண் இவற்றையெல்லாம் டாக்டர் கை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். போனில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, தையல் பிரிப்பது போன்றவற்றுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். அங்கே பார்த்து, மேலே அனுப்ப வேண்டுமானால் எழுதித் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு பெரிய மருத்துவமனைக்குப் போகிறவருக்கு எந்தப் பிரிவு என்று தேடி அலையும் வேலை மிச்சம். குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள், கைக்குழந்தைகளின் கூட்டம் அன்று கூடுதலாக இருக்கும்.

முந்தைய நாள் ராத்திரி: ஃபைல் தயாரிப்பது

இதற்கு அரை மணி நேரம் ஆகும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

1. வீட்டில் உள்ள எல்லா மருத்துவக் காகிதங்களையும் தரையில் பரப்புங்கள். தேதிவாரியாக அடுக்குங்கள். புதியது மேலே, பழையது கீழே.
2. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தனியாக எடுத்து முதல் பக்கத்தில் வையுங்கள். பழைய அறுவை சிகிச்சை எத்தனை வருடத்துக்கு முந்தையது என்றாலும் அந்தத் தாள் தேவை.
3. இ.சி.ஜி. தாளை உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அது சூடுபட்டால் எழுத்து விழும் தாள். வெயிலிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் வருடக்கணக்கில் கிடந்தால் கோடுகள் மங்கிப்போகும். ஐந்து வருடத்துக்கு முந்தைய இ.சி.ஜி. வெற்றுத்தாளாக வந்து நிற்பதை இதய நோய் பிரிவில் அடிக்கடி பார்க்கலாம். இன்றைய இ.சி.ஜி.யில் தெரியும் மாற்றம் புதியதா பழையதா என்று முடிவுசெய்ய அந்தப் பழைய தாள்தான் சாட்சி.
4. எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிமை மடிக்காதீர்கள். ஃபிலிமோடு அதன் ரிப்போர்ட் தாளும் இருக்கிறதா என்று பாருங்கள்.
5. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போடுங்கள். கடையில் வாங்கும்போதே, "பேர் இருக்கிற பக்கத்தோட சேர்த்து வெட்டிக் கொடுங்க" என்று கேட்டுப் பழகுங்கள். அரசு மருத்துவமனையில் காகித உறையில் தரும் மாத்திரையாக இருந்தால், உறையின் மேல் பெயரை எழுதி வாங்குங்கள்.
6. சூரணம், லேகியம், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை, யாரோ சொல்லிச் சாப்பிடும் சத்துப் பவுடர் எல்லாமே மருந்துப் பட்டியலில் சேரும். டாக்டர் திட்டுவார் என்று மறைத்தால் கிட்னிக்கோ ஈரலுக்கோ வரும் பாதிப்பின் காரணம் கடைசிவரை தெரியாமலே போகும்.
7. முக்கியமான தாள்களை மொபைலில் படம் எடுத்து, பிள்ளைகளில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். பஸ்ஸில் பை தொலைந்தாலும் நாள் வீணாகாது.

பையில் மேலும் சில: ஆதார் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, தண்ணீர் பாட்டில், சாப்பாடு, பேனா, சில்லறை, மொபைல் சார்ஜர், நாலு கல்கண்டு. கல்கண்டு எதற்கு என்பது பின்னால் வரும்.

அரசு மருத்துவமனையில் ஒரு நாள்

திங்கட்கிழமையும், பண்டிகை விடுமுறைக்கு அடுத்த நாளும் கூட்டம் அலைமோதும். முடிந்தால் தவிர்க்கலாம். ஆனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கிழமையை நாமே தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போன்ற பெரிய துறைகள் யூனிட்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தலைமை டாக்டர், தனி ஓ.பி. நாள். செவ்வாய்க்கிழமை உங்களைப் பார்த்த யூனிட் அடுத்த ஓ.பி.யில் இருப்பது அவர்களுக்குரிய நாளில்தான். கூட்டம் குறைவென்று வியாழக்கிழமை போனால், உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத வேறு யூனிட் டாக்டர் முதலிலிருந்து கேட்க ஆரம்பிப்பார். சில சமயம், "உங்க யூனிட் நாளைக்கு வாங்க" என்று திருப்பியும் அனுப்புவார். சீட்டில் யூனிட் எண்ணைக் குறித்திருப்பார்கள். முதல் தடவையே, "எங்க யூனிட் எதுங்க, ஓ.பி. என்னைக்கு?" என்று கேட்டு நோட்டின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும் செய்ய வேண்டிய வரிசை இது:

1. சீட்டு போடும் கவுன்டரில் புது நோயாளி, பழைய நோயாளி வரிசைகள் பெரும்பாலும் தனித்தனி. போர்டைப் பார்த்தோ கேட்டோ நில்லுங்கள். தப்பான வரிசையில் நின்றுவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத் தெரிந்துகொள்பவர்கள் தினமும் உண்டு.
2. ஆபா எண் எனப்படும் 14 இலக்க சுகாதார அடையாள எண் இருந்தால், பதிவு இடத்தில் கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மொபைலில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி தானாகப் பதிவாகி டோக்கன் எண் வந்துவிடும். தேசிய சுகாதார ஆணையம் 2022 அக்டோபரில் தொடங்கிய வசதி இது. எல்லா இடத்திலும் இன்னும் வரவில்லை. இருக்கும் இடத்தில் வரிசையே மிச்சம்.
3. சீட்டில் பெயர், வயது, துறை சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். வயது தப்பாக விழுந்தால் பின்னால் காப்பீட்டு அட்டையோடு பொருந்தாமல் இழுபறியாகும்.
4. டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால், ரத்தம் எடுக்கும் நேரம் எத்தனை மணியோடு முடிகிறது என்று உடனே கேளுங்கள். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த நாள் முழுக்க வீணாகிறது.
5. ரிப்போர்ட் அன்றே கிடைக்குமா, மறுநாளா, எந்த அறையில் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.
6. கூட வந்தவரை மாத்திரை வரிசைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் ரத்தம் கொடுக்கப் போகலாம். இரண்டு பேர் போனால் இரண்டு வரிசை ஒரே நேரத்தில் நகரும்.

முதியோருக்குத் தனி ஓ.பி. இருக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கிய முதியோர் ஓ.பி.தான் நாட்டுக்கே முன்னோடி. மூட்டுவலிக்கு ஒரு வரிசை, சர்க்கரைக்கு ஒரு வரிசை என்று வயதானவர் நாலு இடம் அலைவதை ஒரே அறையில் முடிக்கும் ஏற்பாடு அது. சக்கர நாற்காலி கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. நடக்க முடிந்தவருக்குக்கூட, நின்றே இருக்க முடியாது என்றால் அது தேவைதான்.

*கவனம்:* வாசலில் நின்று, "நம்பர் வாங்கித் தர்றேன், டாக்டர் நமக்குத் தெரிஞ்சவர்" என்று சொல்பவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், ஃபைலையும் கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்குப் பணம் கிடையாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான் இவர்களிடம் அதிகம் மாட்டுகிறார்கள்.

தனியார் கிளினிக்: டோக்கன் கணக்கு

"டாக்டர் ஆறு மணிக்கு வருவார்" என்பார்கள். அறுவை சிகிச்சை முடித்து அவர் வரும்போது ஏழேகால். உங்கள் டோக்கன் 40. இங்கே ஒரு எளிய கணக்கு உதவும்.

டாக்டர் பார்க்கத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து, அரை மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே போய் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 5 நிமிடம். இப்போது 12ஆம் எண் போகிறது, உங்களுடையது 40 என்றால் இடையில் 28 பேர், 140 நிமிடம். ரிப்போர்ட் காட்ட மட்டும் நடுவில் போகிறவர்கள், மெடிக்கல் ரெப், அவசர நோயாளி என்று இன்னும் கொஞ்சம் சேரும். ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அந்தக் கூடுதலைச் சேர்க்காதீர்கள். முன்னால் இருப்பவர்கள் வராமல் போய் எண்கள் தாவிப் போவதும் உண்டு. ஒன்றரை மணி நேரம் கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வரலாம்.

1. டோக்கன் போட போன் செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: டாக்டர் இன்னைக்கு நிச்சயம் வர்றாரா? என் நம்பர் வர எத்தனை மணி ஆகும்? ரிப்போர்ட் காட்ட மறுபடி டோக்கன் போடணுமா?
2. கிளம்புமுன் இன்னொரு தடவை போன் செய்து எந்த எண் போகிறது என்று கேளுங்கள்.
3. வெளியே போவதானால் வரவேற்பில் இருப்பவரிடம் மொபைல் எண்ணைக் கொடுத்து, "30 போகும்போது ஒரு மிஸ்டு கால் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவரிடம் கோபப்பட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை. டாக்டர் தாமதமானதற்கு அவர் காரணமில்லை.

வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களுக்குத் தொலைவிலிருந்து போகிறவர்களுக்கு வரிசையே வேறு. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கும் குடும்பங்கள் ஏராளம்; மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகள் வங்க மொழியில் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். அவர்களின் அனுபவம் சொல்லும் பாடம்: முதலில் டாக்டர் தேதி, அடுத்து ரயில் டிக்கெட், அதற்கப்புறம் அறை. திரும்பும் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். ஒரு பரிசோதனை இன்னொரு பரிசோதனையைக் கொண்டுவரும், நாள் நீளும்.

காத்திருக்கும்போது உடம்பு

பசிதான் பெரிய ஆபத்து, அதுவும் சர்க்கரை நோயாளிகளுக்கு.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர், பழக்கத்தில் காலையில் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பத்து மணி வரை வரிசை. கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு தடுமாறுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் "வெயில்ல நின்னது" என்று நினைக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் இப்படித்தான் ஆகும். கவனிக்காவிட்டால் வலிப்பும் மயக்கமும் வரும்.

இதைத் தவிர்க்கும் முறை:

1. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி கூடாது.
2. ரத்தம் கொடுத்த பிறகுதான் சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின், அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து. உங்கள் மருந்துக்கு இது பொருந்துமா என்று முந்தைய ரிவியூவிலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
3. சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தத்துக்கு, முதல் வாய் இட்லி வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. எட்டு மணிக்குச் சாப்பிட ஆரம்பித்தால் பத்து மணிக்கு ரத்தம் கொடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. நல்ல எண் வர வேண்டும் என்று அன்று மட்டும் குறைத்துச் சாப்பிட்டால் ஏமாறப்போவது நீங்கள்தான்.
4. நடுக்கம், வியர்வை வந்தால் உடனே கல்கண்டு, அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்து. பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும், அது அடுத்தபடி. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

ரத்த அழுத்த மாத்திரையைப் பரிசோதனை நாளில் நிறுத்துவது இன்னொரு பொதுவான தவறு. டாக்டர் சொல்லாவிட்டால் நிறுத்தக் கூடாது. படியேறி மூச்சிரைக்க வந்த உடனே பி.பி. பார்த்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு அரை மணி முன்பிருந்தே காபியும் பீடி சிகரெட்டும் வேண்டாம்.

வயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர் முட்ட இருக்க வேண்டும் என்று சொன்னதும், சிலர் வந்தவுடனே ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் தவிக்கிறார்கள். அடக்க முடியாமல் போய்விட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து. உங்கள் எண் வர எவ்வளவு நேரம் என்று கேட்டு, சுமார் ஒரு மணி நேரம் முன்னால் குடிக்க ஆரம்பியுங்கள்.

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்தால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயிலில் கூசும். பைக்கில் தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர் வேண்டும்.

இருமல் இருப்பவர் முகக்கவசம் போட்டு ஜன்னல் ஓரம் உட்காருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சீட்டு போடும்போதே சொல்லிவிடுங்கள்; காசநோயா என்று சளிப் பரிசோதனைக்கு அங்கிருந்தே அனுப்பலாம். அம்மை போட்ட குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாமல் வெளியே நிறுத்தி, ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தகவல் சொல்ல வேண்டும். வரிசையில் கர்ப்பிணிகள் இருப்பார்கள்.

அந்த இரண்டு நிமிடம்

வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"நடந்தால் நெஞ்சு இறுக்கம், 3 வாரமாக. மாடிப்படி ஏறினால் வருது, நின்றால் 5 நிமிஷத்தில் போகுது. சுகர் 8 வருஷம். மாத்திரை பையில் இருக்கு. பென்சிலின் ஊசி போட்டால் தடிப்பு வரும். கேட்க வேண்டியது: வேலைக்குப் போகலாமா?"

ஐந்தாறு வரி. இதற்கு மேல் வேண்டாம்.

அதிகம் வருத்தும் நோயை முதலில் சொல்லுங்கள். பலர் கால்வலி, அஜீரணம் என்று ஆரம்பித்து, எழுந்து கிளம்பும்போது கதவருகே நின்று, "அப்புறம் சார், நடந்தா நெஞ்சு அடைக்குது" என்பார்கள். அதற்குள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சொல்லக் கூச்சமான விஷயம் என்றால் தாளில் எழுதி நீட்டினால் போதும். நோயாளி பேசட்டும், கூட வந்தவர் விட்டுப்போனதை மட்டும் சொல்லட்டும்.

வெளியே வருமுன் கேட்க வேண்டியவை: எனக்கு என்ன நோய்? மாத்திரை எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? மறுபடி எப்ப வரணும்? சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. மாத்திரை வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேதி தள்ளிப் போனால்

ஸ்கேனுக்கு மூன்று வாரம், அறுவை சிகிச்சைக்கு இரண்டு மாதம் என்று தேதி கொடுத்தால், அன்றே ஒரு கேள்வியைக் கேட்காமல் வரக் கூடாது: "அதுக்குள்ள என்ன ஆனா நான் உடனே வரணும்?" பித்தப்பைக் கல்லோடு காத்திருப்பவருக்குக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் அபாய அறிகுறி. குடலிறக்கத்தோடு காத்திருப்பவருக்கு, பிதுங்கியது உள்ளே போகாமல் வலிப்பது. டாக்டர் சொல்லும் அறிகுறிகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவை வந்தால் கொடுத்த தேதி செல்லாது, அவசரப் பிரிவுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

யாராவது வராமல் இடம் காலியானால் அழைக்கச் சொல்லி எண்ணைக் கொடுத்து வாருங்கள். தேதி கொடுத்த அறையின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் போக முடியாமல் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்கு இன்னொருவர் காத்திருக்கிறார்.

வேறு மருத்துவமனைக்கு மாறுவதானால் சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழக விதிமுறை சொல்கிறது. கையில் பதிவு இல்லாமல் புது இடத்துக்குப் போனால் எல்லாப் பரிசோதனையும் மறுபடி, எல்லா வரிசையும் மறுபடி.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலை மறுபடி மூட்டை கட்டிப் பரணில் போடாதீர்கள். இன்றைய சீட்டை மேலே வைத்து, அட்டையில் அடுத்த ரிவியூ தேதியையும் யூனிட் நாளையும் கொட்டை எழுத்தில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு 108 வந்து நின்றால் தேடாமல் கைக்குக் கிடைக்க வேண்டியது அதுதான்.